பேருக்கு நின்ற காளியப்பன்

போன வாரம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. புதுத் தலைவர் யார்? கீழே இரண்டு பெயர்கள். வேண்டிய பெயரைத் தொட்டால் போதும். நாமக்கல்லில் என் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்தேன். ஒருவரும் தொடவில்லை. கும்பிடும் கைப் படம் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஒருவர், "எல்லாருக்கும் சம்மதம்னா எனக்கும் சம்மதமுங்க" என்று குரலில் பேசி அனுப்பியிருந்தார். சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். இந்த மரியாதை எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. இதனால் ஒரு மனிதர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு அப்போது ரோடு கிடையாது. பஸ் நிற்கும் இடத்துக்கு ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கிப் போக வேண்டும். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் கம்பளியை மூங்கிலில் தூளி மாதிரி கட்டி, படுக்கவைத்துத் தூக்கிப் போவோம். அதற்காக ஏற்பட்டதுதான் அண்ணந்தம்பி சங்கம். வீட்டுக்கு ஒரு ஆள். அப்பாவுக்கு முட்டி தேய்ந்த வருஷம் எங்கள் வீட்டு ஆளாக நான் சேர்ந்தேன். அந்தக் கம்பளியின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது: வியர்வை, அடுப்புப் புகை, யாரோ எப்போதோ வாந்தி எடுத்தது, எல்லாம் கலந்த ஒன்று. அதில் படுத்துப் போன யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லும் தெம்பு இருப்பவரை நாங்கள் நடக்கச் சொல்லிவிடுவோம்.

செல்லமுத்து அண்ணன்தான் பல வருஷமாகத் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. அவர் கூப்பிட்டால் ஆட்கள் வந்தார்கள், அவ்வளவுதான். குடித்துவிட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புவார். தோள் வலி என்று சாக்குச் சொன்னவனிடம், "உன் சம்சாரத்துக்கு வலி வந்தா நானும் இப்பிடிச் சொல்லட்டுமா?" என்பார். அவன் வாயை மூடிக்கொண்டு மூங்கிலைப் பிடிப்பான்.

திருப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், சங்கம் என்றால் முறையாக எலெக்‌ஷன் நடக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். ஒரே ஒரு ஆள் நின்றால் எலெக்‌ஷன் ஆகுமா? இன்னொரு பேர் வேண்டும். பலாப்பழம் விற்கப் போயிருந்த காளியப்பன் அப்போதுதான் பாதையில் வந்தார். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

"பேருக்கு நில்லு காளியப்பா."

"ஆகட்டுங்க" என்றார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்து அறையில் ஒரு மூடிய பானை. ஆளுக்கு ஒரு மிளகும் ஒரு காப்பிக்கொட்டையும் கொடுத்தார்கள். மிளகு போட்டால் செல்லமுத்து, காப்பிக்கொட்டை போட்டால் காளியப்பன். ஒன்றைப் பானையில் போட்டுவிட்டு, மற்றதைப் பின்வாசல் வழியே எறிந்துவிட வேண்டும். நான் மிளகைப் போட்டேன். பெரிய கொள்கை எல்லாம் இல்லை. அதற்குமேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

யோசித்தவர்கள்தான் காரியத்தைக் கெடுத்தார்கள். செல்லமுத்துதான் எப்படியும் ஜெயிப்பார். பாவம் காளியப்பன், ஒன்றுகூட விழாவிட்டால் மனசு சங்கடப்படுமே. நாமாவது ஒன்று போடுவோம். ஒவ்வொருவரும் தனித்தனியாக இப்படி நினைத்திருக்கிறார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுப்பதுபோல ஓட்டைக் கொடுத்துவிட்டார்கள். நம்மைத் தூக்கிப் போகப்போகிற ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற நினைப்பே ஒருவருக்கும் இல்லை.

பானையைக் கவிழ்த்தார்கள். மூன்றே மூன்று மிளகு. மற்றதெல்லாம் காப்பிக்கொட்டை.

காளியப்பன் அழாத குறை. "பேருக்குத்தானுங்க நிக்கச் சொன்னீங்க!"

செல்லமுத்து அண்ணன் பின்வாசல் வழியாக வெளியே வந்தார். தரையெல்லாம் மிளகு. குனிந்து பார்த்தார். "நல்ல மொளகு, வீணாப் போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக அவர் வீட்டுக்குப் போனார்கள். இரக்கப்பட்டுக் காப்பிக்கொட்டை போட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "நான் உங்களுக்குத்தானுங்ணா போட்டேன்" என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் போய்ச் சொன்னேன். மற்றவர்களுக்குத் தலையாட்டிய மாதிரியே எனக்கும் ஆட்டினார்.

"உழுந்தது மூணு. போட்டேன்னு சொல்றது ஊரே. இதுல நான் எந்த மூணு பேர நம்பறது, கண்ணு?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையைச் சொல்லியும் பொய்யனாக நிற்பது என்ன கொடுமை!

அதன்பின் செல்லமுத்து அண்ணன் தூக்க வருவார், கூட்டத்துக்கு மட்டும் வரமாட்டார். காளியப்பன் அனுப்பும் ஆட்கள் நெட்டையும் குட்டையுமாக இருப்பார்கள்; சாக்குச் சொன்னவரையெல்லாம் காளியப்பன் சரி என்று விட்டுவிடுவார். ஒருமுறை பிரசவ வலியோடு போன பெண் தூளியில் ஒரு பக்கமாகச் சரிந்தாள். பின்னால் வந்த செல்லமுத்து அண்ணன் முன்னால் போய்த் தோள் கொடுத்தார். இப்படியே வருஷங்கள் ஓடின. காளியப்பனை மாற்றவும் யாருக்கும் மனசு வரவில்லை.

பிறகு ரோடு வந்தது. அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தபோது நூற்றியெட்டு வண்டி வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. கூட நான் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, கேட்காமலே சொன்னார்:

"அன்னைக்கு நானே காளியப்பனுக்குத்தான் போட்டேன், சாமி. ஒண்ணுகூட உழுவலீனா பாவம் சங்கடப்படுவானேன்னு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. "எல்லாரும் அப்பிடித்தானுங்ணா போட்டாங்க. உங்க மேல கோவத்துல ஒருத்தரும் போடலீங்க."

என் பக்கம் திரும்பினார். "யாருக்குமே கோவமில்லயா?"

"இல்லீங்ணா."

"அடுத்த கூட்டத்துக்கு நானு வாரேன்" என்றார்.

கூட்டம் நடந்தது, அவருக்கான இரங்கல் கூட்டம். முதலில் நான் எழுந்து, வண்டியில் அவர் சொன்னதைச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தானும் காப்பிக்கொட்டைதான் போட்டதாகச் சொல்லி அழுதார்கள். காளியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏனுங்க, இத அவரு உசுரோட இருக்கறப்பச் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?" என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை.

அன்றைக்குத்தான் அவர் தலைவராகப் பேசினார். அதற்குள் பழைய ஒற்றையடிப் பாதையைப் புதர் மூடிவிட்டது. தூளியில் தூக்கிப் போக வேண்டியவர் யாரும் இல்லை.