கை நனைய ஒரு சூப்

கொள்ளு வெந்துவிட்டதா என்பதை மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். குக்கரின் மூன்றாவது விசிலில் பச்சை வாசனை போகும். ஆறாவதில் வறுத்த கடலையின் மணம் வரும். எட்டாவதில் அடுப்பை அணைத்தேன். கிணத்துக்கடவில் என் அக்கா வீட்டுச் சமையலறை அது. தை மாதம், காலை எட்டு மணிக்கும் தென்னந்தோப்புக்குள் பனி கலையவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் ஒரு வார விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு திங்கட்கிழமை நான் ஆர்.எஸ்.புரத்திலிருந்து அங்கே போனது, சூப் வைக்க.

அக்காவின் கணவருக்கு, எனக்கு அவர் மாமா, முந்தைய வெள்ளிக்கிழமைதான் மீதமிருந்த பதினோரு பற்களையும் எடுத்திருந்தார்கள். ஈறில் சீழ் வைத்துவிட்டதால் தள்ளிப்போட முடியவில்லை. பல் செட் வரப் பல வாரம் ஆகும். அதுவரை மெல்லக் கூடாது. ஈறு ஆறும்வரை காரமும் அதிகச் சூடும் கூடாது.

அது மட்டும் என்றால் அக்கா என்னை அழைத்திருக்க மாட்டாள். வரும் ஞாயிறு பெருந்துறைக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் வீடு அங்கே. பேச்செல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் சம்மதத்தை வாயால் சொல்வதைவிடக் கையால் சொல்வதுதான் கணக்கு. சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்போம், அதாவது சாப்பிடுவோம். பெண்ணின் தகப்பன் அங்கே போய்க் கை நனைக்காமல் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம். தேதியைத் தள்ளிவைத்தாலும் ஏறக்குறைய அதே அர்த்தம்.

மாமா வர மாட்டேன் என்றார்.

"பொக்கை வாயை வெச்சுக்கிட்டு சம்பந்தி ஊட்டுல போயி என்னத்தத் திங்கறது?"

"முன்னாடியே அவங்ககிட்டச் சொல்லிப்போடலாமுங்க," என்றாள் அக்கா.

"சொன்னீன்னா நான் தோட்டத்துல போயிப் படுத்துக்குவேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "பல்லிருந்தப்ப மட்டும் யாரக் கடிச்சுப்போட்டாருன்னு கேளு கண்ணு."

ஆறு நாளில் மாமாவைச் சூப்புக்குப் பழக்கிவிட வேண்டும். பழகிவிட்டால் பெருந்துறையில் எதையாவது வாங்கிக் குடித்துச் சமாளித்துவிடுவார் என்பது எங்கள் திட்டம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்தக் குளிரில் அடுப்படியைவிட நல்ல இடம் வீட்டில் வேறில்லை. செவ்வாய்க்கிழமை அரசாணிக்காய், மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்பார்கள், அதைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, வேகவைத்து, மிக்சியில் அடித்து, தேங்காய்ப்பால் ஊற்றினேன். நிறமே ஒரு கண்காட்சி. புதன்கிழமை முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும். வியாழக்கிழமை நாட்டுக்கோழி எலும்பைப் பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் விட்டேன். மேலே மிதந்த எண்ணெய் வட்டங்களை நானும் அக்கா மகளும் நின்று வேடிக்கை பார்த்தோம்.

"சித்தி, நான் கல்யாணத்தை நிறுத்திட்டு இதையே குடிச்சுட்டு இங்கயே இருந்துக்கறனே," என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுடைய போன் கையிலேயே இருந்தது. அப்பா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டால் உடனே எட்டிப் பார்ப்பாள்.

மாமா ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "நல்லா இருக்குது அம்மணி." டம்ளரைப் பார்த்தால் அரசாணிக்காய் முக்கால் பங்கு மீதி, முருங்கைக்கீரை முக்கால் பங்கு மீதி, கோழி பாதி மீதி. புதன்கிழமை இரவு வைத்ததில் நான் உப்புப் போட மறந்திருந்தேன். அதுவும் நல்லா இருந்ததாம். எங்கள் ஊர் மரியாதையில் அந்த வாக்கியத்தை நம்பி எதையும் அச்சில் ஏற்ற முடியாது.

வெள்ளிக்கிழமை காலைக்குத்தான் அந்தக் கொள்ளு. வெந்த தண்ணீரை வடித்து, இரண்டு கைப்பிடி கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு மையாக அரைத்துக் கரைத்து, தேங்காய் எண்ணெயில் தாளித்தேன். வெதுவெதுப்பாக ஆற்றி டம்ளரில் கொடுத்தேன். மாமா கால் பங்கு குடித்தார். நல்லா இருக்குது அம்மணி என்றார். எழுந்து குழாயடிக்குப் போய் வலது கையைக் கழுவினார்.

அந்தக் கையில் எதுவும் படவே இல்லை. டம்ளரை அவர் இடது கையில் பிடித்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

"ஏனுங்க மாமா, கையை எதுக்குங்க கழுவறீங்க?"

கையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "பழக்கம்," என்றார். துண்டில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "திங்கற மாதிரியே இல்ல அம்மணி. ஊசி போட்டுக்கற மாதிரி இருக்குது. எட்டு நாளா கை நனையல," என்றார்.

நான் சமையலறைக்கு ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும். நடந்திருந்தால் அக்காவின் மேல் மோதியிருக்க மாட்டேன். முந்தின இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் விட்டு மறுபடி குழைய வேகவைத்து, கரண்டியின் பின்புறத்தால் மசித்தேன். அக்கா மாமாவின் வட்டலை எடுத்து வந்தாள். விளிம்பு உயர்ந்த அந்த எவர்சில்வர் தட்டில்தான் அவர் எப்போதும் சாப்பிடுவார். மசித்த சோற்றை நடுவில் வைத்து, அதே கொள்ளுச் சூப்பைச் சுற்றி ஊற்றி, ஒரு சொட்டு நெய் விட்டேன். டம்ளர் இல்லை, ஸ்பூன் இல்லை.

மாமா வட்டல் முன்னால் உட்கார்ந்தார். விரல்களால் பிசைந்தார், ஓரமாக ஒதுக்கினார், மறுபடி பிசைந்தார். முதல் வாய் போன பிறகு நிறுத்தவில்லை. சூப் மணிக்கட்டு வரை வழிந்தது. அக்கா மகள் கதவருகே நின்று போனைப் பார்ப்பதுபோல் நடித்தாள்.

"உப்பு ஒரு கல்லு பத்தாது," என்றார் மாமா. ஐந்து நாளில் அவர் சொன்ன முதல் குறை. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இரண்டாவது முறை ஊற்றியபோது அவரே சொன்னார். "ஞாயித்துக்கெழமை கொள்ளுச் சாறு வெக்கச் சொல்லிப்போடு அம்மணி. பல்லப் பத்தியும் சொல்லிப்போடு. பல்லு போனத மறைச்சா பொண்ணக் கட்டிக் குடுக்கறது?"

நான் பெருந்துறைக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளையின் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அதுக்கென்னங்க, நாங்க பாத்துக்கறமுங்க," என்று மட்டும் சொன்னார். நல்லா இருக்குது என்பதைப் போலவே இதிலும் எதுவும் தெரியவில்லை. இரண்டு இரவு எனக்குச் சரியான தூக்கமில்லை.

ஞாயிறு மதியம் அந்த வீட்டில் பதினாறு பேர் உட்கார்ந்தோம். வாழையிலை இல்லை. எல்லார் முன்னாலும் வட்டல். குழைந்த சோறு வந்தது, எல்லாருக்கும். கொள்ளுச் சாறு வந்தது, எல்லாருக்கும். மசித்த அரசாணிக்காய், மசித்த கீரை, தயிர். கறி இல்லை, வடை இல்லை, அப்பளம்கூட இல்லை. கடிக்க வேண்டிய பொருள் ஒன்றும் அந்தக் கூடத்துக்குள் வரவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டு முறை சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு நம்பிக்கை இழந்தார்.

மாமா வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா, முப்பத்திரண்டு பல்லும் உள்ளவர், மும்முரமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க சம்பந்தி," என்றார் மாமா. "உங்களுக்கும் புடுங்கிப்போட்டாங்களா?"

"உங்களுக்குப் பல்லு வர்ற வரைக்கும் எங்களுக்கும் வேண்டாமுங்க."

பத்து நாளாக உதட்டை இறுக்கி வைத்திருந்தவர் வாயை முழுக்கத் திறந்து சிரித்தார். பிறகு வலது கையை வட்டலில் வைத்தார். நான் இடது கையால் போனை எடுத்து, கிணத்துக்கடவில் காத்திருந்த அக்கா மகளுக்கு எழுதினேன்: சாப்பிடுகிறார். அனுப்புவதற்குள் அவர் வட்டலை நீட்டிவிட்டார். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: ரெண்டாந்தடவை கேட்கிறார்.