தெருவுக்கு ஒரு கட்டம்

மகாராஜன் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் சொல்ல வாய்ப்பு வராது.

சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றானதும் சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டான். காலையில் திருநெல்வேலிக்கு ஆளுக்கொரு காராகப் போவதையும், பஸ்ஸில் படிக்கட்டு வரை ஜனம் தொங்குவதையும் பார்த்தான். காலி சீட்டையும் நிற்கிற ஆளையும் சேர்த்துவைக்க ஒரு ஆப் செய்தான். முதலில் பதிந்தவள் அவனோடு பள்ளியில் படித்த கனகலட்சுமி. திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்திருந்தது. ஏழரைக்கு உள்ளே இருக்க வேண்டும், பஸ் சரிப்படாது. ஆப்பை நம்பித்தான் சேர்ந்தாள். இரண்டு மாதம் நிம்மதியாகப் போய்வந்தாள்.

ஆனால் கார்கள் பதினொன்றைத் தாண்டவில்லை. கார் வைத்திருந்த ராஜதுரை அண்ணாச்சியிடம் ஏன் சேரவில்லை என்று கேட்டான்.

“யாரு எவருன்னு தெரியாம எப்படி வே ஏத்துதது? தெருப் பேரையாவது கேளும்.”

எங்கள் பக்கம் தெருவைக் கேட்பது கடிதம் போடுவதற்கு அல்ல. தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. மகாராஜனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சீட்டுக் கேட்பவர்கள் நிரப்ப ‘தெரு’ என்று ஒரு கட்டத்தை ஆப்பில் சேர்த்தான். ‘பாதுகாப்புக்காக’ என்று கீழே எழுதி வேறு வைத்தான். எனக்கு ஆத்திரமே அதில்தான். ஒரே மாதத்தில் எண்பது கார்கள் சேர்ந்தன.

பிறகு ஒருநாள் கனகலட்சுமி வீடு தேடி வந்தாள்.

“ஒன் ஆப்ல ஏதோ கோளாறு மகாராஜா. மூணு வாரமா எனக்குச் சீட்டே கெடைக்க மாட்டேங்கு. பஸ்ல போயி தெனமும் லேட்டு. இன்னொரு நாள் லேட்டானா வராண்டாம்னுட்டாங்க.”

போனை வாங்கிப் பார்த்தான். பதினாறு தடவை கேட்டிருந்தாள். பதினாறும் மறுப்பு. முன்பு அவளை ஏற்றிப்போனவர்களே மறுத்திருந்தார்கள்.

“ஆமா, சின்னக் கோளாறுதான். சரி பண்ணிருதேன்,” என்றான், போனைப் பார்த்துக்கொண்டே.

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்குள்ள முடியாதுன்னா, ஒங்க தெருப் பேரப் போட்டுக்கிடட்டா?”

குரலில் கோபமில்லை. அவனுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

அவள் போனதும் கட்டத்தை எடுத்தான். எடுத்து என்ன? அவள் தெரு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் அவள் பஸ்ஸில்தான் போனாள். அதற்கடுத்த நாள் போகவில்லை.