தரிசு என்று எழுதிய அறை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தால் கலைச்செல்வியிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கலைச்செல்வி என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவதோடு சரி. படத்தில் இருட்டான ஒரு மாளிகைக் கூடம், நடுவில் மாடிப்படி. கீழே எழுதியிருந்தாள்: "நம்ம பொணம் கேம் புதுசா வந்திருக்குடி. வாங்கிட்டேன். யாழினி பக்கத்துல உக்காந்து பாக்குறா."

யாழினி அவள் மகள். பத்து வயது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு வந்த பொறாமையை எங்கே போய்ச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாளாம். அது என் இடம். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றிக் கருகல் வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். என் அப்பா கிராம நிர்வாக அலுவலர். திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் நாலு வருடம் இருந்தோம். பட்டா மாற்ற, சிட்டா நகல் வாங்க, வருமானச் சான்றுக்குக் கையெழுத்து வாங்க என்று ஊரே எங்கள் வாசலில் நிற்கும். கலைச்செல்வியின் அப்பாவும் அப்படி நின்றவர்தான். அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர். மூத்த மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போன பிறகு சொந்தமாக ஓர் ஏக்கர் வாங்கியிருந்தார். என்னைக் கண்டால் "வாங்க பாப்பா" என்பார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘வாங்க’. எனக்கு அதில் ஒரு மிதப்பு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மிதப்பை இறக்கி வைத்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கலையின் அண்ணன் லீவில் வந்தபோது கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி, கூட ஒரே ஒரு சிடி. எங்கள் வீட்டில் பீரோ இருந்தது, போன் இருந்தது, அப்பாவின் மேசையில் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. அந்தப் பெட்டி மட்டும் இல்லை. "ஊரே நம்ம வாசல்ல வந்து நிக்குது, நீ அங்க போயி நிக்கிறியா?" என்று அப்பா சத்தம் போட்டார். போய் நின்றேன். தினமும் நின்றேன்.

பெட்டி ஏற்கெனவே யாரோ ஆடிக் களைத்தது. கொஞ்ச நேரம் ஓடினால் சூடாகிப் படம் நின்றுவிடும். கவிழ்த்துப் போட்டால் ஓடும் என்று கலை எப்படியோ கண்டுபிடித்தாள். அதனால் அது எப்போதும் ஒரு முறத்தின் மேல் குப்புறக் கிடக்கும். வெளியே அவித்த நெல் காயும் வாசம், உள்ளே சூடேறிய பிளாஸ்டிக் வாசம். பயம் என்றால் எனக்கு இன்றைக்கும் இந்த இரண்டும் கலந்த வாசம்தான். கொளுத்துகிற மே மாதத்து மத்தியானத்தில், ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் பிணத்துக்குப் பயந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆட்டம் இதுதான்: ஒரு பெரிய மாளிகை, உள்ளே செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். நம் கையில் ஒரு துப்பாக்கி, எண்ணி நாலு குண்டு. எல்லாரையும் சுட்டுத் தீர்க்க முடியாது. சிலரை விட்டுவிட்டு ஒதுங்கி ஓட வேண்டும். ஒவ்வொரு கதவும் மெதுவாக ஆடி அசைந்து திறக்கும். அதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வரும். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வேண்டுமென்றால் மெமரி கார்டு என்று ஒன்று வேண்டும், தீப்பெட்டி அளவில். அதை வாங்க அண்ணன் மறந்துவிட்டார். ஆகவே தினமும் முதல் அறையிலிருந்து ஆரம்பம். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதல் அறை.

கலைக்குக் கை பேசும். எங்கே எது நிற்கிறது என்பது மட்டும் நினைவில் நிற்காது. எனக்கோ நேர் எதிர். நான் கையில் வாங்கினால் ஆள் சுவரில் முட்டியபடியே நிற்பான், பிணங்கள் சாவகாசமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். அவளுடைய கட்டைவிரல்கள் மேல்கூட எனக்குப் பொறாமை இருந்தது. எனக்கென்று ஒரு வேலையை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

அப்பா வயல் எல்லைகள் போட்ட புலப்படத்தை விரித்து வைத்து அளவு பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நாற்பது பக்க நோட்டில் அந்த மாளிகையை வயல் மாதிரியே வரைந்தேன், அறைக்கு ஒரு சர்வே நம்பர். எதிர்ப் பக்கத்தில் அடங்கல். எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று அப்பா எழுதுவாரே, அதே கட்டம். ‘எண் 7, பொணம் இரண்டு. எண் 9, கீழாநெல்லி ஒன்று.’ கீழாநெல்லி என்றால் உயிரை ஏற்றுகிற பச்சைச் செடி; ஆட்டத்தில் அதற்கு என்ன பேரோ. சுட்டுத் தீர்த்த சில அறைகளில் பிற்பாடு வேறு ரகம், ஓடிவந்து கடிக்கிற ரகம், வந்து நிற்கும். குறுவை அறுத்த வயலில் மறுபடி நடுவதில்லையா, அதனால் அதைத் ‘தாளடி’ என்று எழுதினேன். ஒன்றும் நிற்காத அறைக்கு, அப்பா எழுதுகிற மாதிரியே, ‘தரிசு’.

கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கலை கேட்பாள்.

"என்னடி நிக்குது?"

"தரிசு. போ."

போவாள். ஒரு தடவைகூட இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. மெமரி கார்டு இல்லாத அந்த வீட்டில் நான்தான் மெமரி கார்டு. அந்தக் கோடையில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் கார்டு வந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லீவில் வந்தபோது அண்ணன் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில், தைலப் புட்டிக்கும் சாக்லெட்டுக்கும் நடுவில். மறுநாளே கலை ஓடிவந்து சொன்னாள்: "காலையிலயே ஆடிட்டேன்டி. தோட்டத்தத் தாண்டிப் போயிட்டேன். எழுதிக்க, இருவத்தி மூணுல ரெண்டு நாய்." எழுதிக்கொண்டேன். நேற்று வரை நான் சொல்லி அவள் போனாள். இப்போது அவள் போய்விட்டு வந்து சொல்கிறாள், நான் குமாஸ்தா மாதிரி குறித்துக்கொள்கிறேன்.

ஒரு துண்டு பிளாஸ்டிக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்ட யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் என்னைத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன், நோட்டைத் திறந்தேன், இருபத்து மூன்றாம் எண்ணில் ‘நாய் இரண்டு’ என்பதை ரப்பரால் தேய்த்து அழித்தேன். அதன் மேல் அப்பாவின் கையெழுத்துச் சாயலில் ‘தரிசு’ என்று எழுதினேன். நான் சொன்னதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டுமாம். யோசித்துப் பார்த்தால் அது நான் சொன்னதைக் கேட்டுப் போனவளுக்கு வைத்த பொறி.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் முழுக்க நன்றாக ஆடிக்கொண்டு வந்தாள். ஆட்டத்தைக் கார்டில் பதிகிற அறை இருபத்து மூன்றுக்கு அந்தப் பக்கம்; எங்கே சுற்றினாலும் பதிய மறுபடி அங்கேதான் வர வேண்டும். அதுவரை அன்றைக்கு ஆடியது ஒன்றும் பதியவில்லை. கையில் ஒரே குண்டு. ஒரு கடி வாங்கினால் செத்தாள். சுற்றுவழி ஒன்று உண்டு, தூரம். கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போகலாமாடி?"

"தரிசுதான். போ."

கதவு மெதுவாகத் திறந்தது. இரண்டு நாயும் பாய்ந்தன. கலை கத்தவில்லை. முறத்தில் கிடந்த பெட்டியை அணைத்துவிட்டு, "சரி, நாளைக்குப் பாப்போம்" என்றாள். அந்த நாளைக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அப்பாவுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் மாற்றல் வந்தது. நோட்டு வீடு மாற்றிய சாமான்களோடு எங்கோ போய்விட்டது.

பின்னாளில் நானே நில அளவைப் பிரிவில் வரைவாளராக வேலைக்குச் சேர்ந்தேன் என்றால் சிரிப்பீர்கள். தஞ்சாவூரில் நான் சேர்ந்த புதிதில் மேசைக்கு மேசை பென்சிலும் ரப்பர்த் தூளுமாக இருக்கும். யாராவது ரப்பரை எடுத்தால் எனக்கு ஒரு கணம் சுருக்கென்று இருக்கும். இப்போது எல்லாம் கணினியில். ரப்பர் வாங்கி எத்தனையோ வருடம் ஆகிறது.

கருகிய பானையை ஊற வைத்துவிட்டுக் கலைக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். கைபேசியைப் பின்னால் எங்கோ சாய்த்து வைத்தாள். இரண்டு தலைகளும், அவற்றுக்கு அந்தப் பக்கம் சுவர் அகலத்துக்கு டிவியும் தெரிந்தன. அதே மாளிகைதான், ஆனால் புதிதாக வெள்ளையடித்தது போலத் துலக்கமாக இருந்தது. "அதுவே பதிஞ்சுக்குதுடி. கார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். திரையின் மூலையில் மாளிகையின் வரைபடம் ஒன்று தானே வரைந்துகொண்டு வந்தது. முடித்த அறை நீலம், ஆபத்து இருக்கிற அறை சிவப்பு. என் நோட்டைவிட அழகாக இருந்தது என்று சொல்ல மனசு வரவில்லை.

தோட்டத்தைத் தாண்டினாள். அந்தக் கதவு வந்தது.

"கலை, உள்ள ரெண்டு நாய் இருக்கு" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "தெரியும்டி. அப்பவே தெரியும். உனக்குச் சொன்னதே நான்தான, மறந்துருவேனா? அழிச்ச தடம் வேற அப்புடியே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன்டி போன?"

"நீ சொல்லிருவேன்னு பாத்தேன். கதவு தொறக்குற வரைக்கும் பாத்தேன்."

பிறகு கலை, அந்தப் பழைய குரலில், கேட்டாள்.

"போகலாமாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள். "யாரைம்மா கேக்குற? மேப்புலயே செவப்பா இருக்கே!"

இருக்கத்தான் செய்தது. எந்த ரப்பராலும் அழிக்க முடியாத சிவப்பு. இனிமேல் அந்த மாளிகையில் எந்தக் கதவின் முன்னால் நின்றும் ‘என்னடி நிக்குது’ என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்க வேண்டியதில்லை. கலை சிரித்துவிட்டு, கதவை விட்டுத் திரும்பிச் சுற்றுவழியில் நடந்தாள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கக்கூடிய அதே வழி. யாழினி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் டிவியைப் பார்க்கவில்லை. அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.