ஒரு குறையும் இல்லாத ஊர்

நெல்லிவாசல்நாட்டுக்கும் மேலே, ஜீப் ஏறாத முகட்டில் இருக்கிறது மேல்கொட்டாய். அதன் நாட்டாண்மை முனியன். நல்ல மனுஷன்தான், வீறாப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி. அடுப்பு எரியாத நாளிலும் மீசைக்கு எண்ணெய் தடவாமல் வெளியே வரமாட்டார்.

மலையில் ரொம்பப் பின்தங்கிய ஊராகப் பார்த்து, அதற்கு மட்டும் ரோடும் பிரசவம் பார்க்க நர்ஸும் தருவதென்று அரசாங்கம் திட்டம் போட்டது. போட்டி மேல்கொட்டாய்க்கும் பள்ளத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிற கீழ்க்கொட்டாய்க்கும். யாருக்கு வறுமை அதிகம் என்று மார்க் போட சிவசங்கர் என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. முனியனின் ஒரே மகள் அபிநயா அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை செத்துப் பிறந்திருந்தது. இந்தத் தடவை நர்ஸ் வந்துவிட வேண்டுமென்று அவர் வேண்டாத சாமியில்லை.

வேண்டியவர் அடுத்துச் செய்ததைப் பாருங்கள். வீடு தேடி வருகிறவனுக்கு இல்லாமையைக் காட்டுவது அந்த மலையில் மானக்கேடு. வந்தவன் சாப்பிட்டுக் கைகழுவி வெற்றிலை போடும்வரை அவனிடம் எதுவும் கேட்கவும் கூடாது. அதனால் வீட்டுக்கு வீடு எவர்சில்வர் பாத்திரம் இரவல் வாங்கித் தன் வீட்டில் அடுக்கினார். திருப்பூரிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த பையன்கள் ஒற்றையடிப் பாதையில் ஏற்றிக் கொண்டுவந்த பைக்குகளைத் துடைத்து வரிசையாக நிறுத்தச் சொன்னார். அபிநயா கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் பரிமாறினாள்.

பாதிச் சாப்பாட்டில் சிவசங்கர் கேட்டார்: "ஊருக்கு என்ன குறை, சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்லீங்க. நீங்க நல்லா சாப்டுங்க" என்றார் முனியன். சாப்பிடுகிறவன் எதிரே அழுவதா? மனசுக்குள் ரோடும் நர்ஸும் முட்டிக்கொண்டு நின்றன. வெற்றிலைத் தட்டை எடுத்துவர உள்ளே போனார். சிவசங்கர் வெற்றிலை போடுகிறவர் இல்லை. முனியன் திரும்பி வருவதற்குள் ஏப்பம் விட்டபடி இறங்கிப் போய்விட்டார்.

கீழ்க்கொட்டாயில் எல்லாரும் கடுக்காய் பொறுக்கப் போயிருந்தார்கள். அதிகாரிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. மார்க் அவர்களுக்கு விழுந்தது. ரோடும் நர்ஸும் அவர்களுக்கே போயின.

ஆடி மழையில் அபிநயாவுக்கு வலி கண்டது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு கீழ்க்கொட்டாய்க்குக் கிளம்பினார்கள். பள்ளத்தில் வெள்ளம். கரையில் நின்று கத்தினார்கள். எதிரே நர்ஸ் இருக்கிற கட்டடத்தின் விளக்கு தெரிந்தது, அவ்வளவுதான். அவள் அங்கேயே ரத்தம் வடிந்து செத்தாள். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. எல்லாம் முடிந்து ஊர் திரும்பியதும் முனியனின் பெண்சாதி தமிழரசி அவர் முகத்தில் காறித் துப்பினாள். "வந்தவனுக்கு வூடு மணக்க ஆக்கிப் போட்டியே, இன்னாய்யா கெடச்சுது உனக்கு?" ஊரும் அதைத்தான் நினைத்தது. அவர் கையால் இப்போது யாரும் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

மறுவருஷம் சிவசங்கர் மறுபடி வந்தார், விடுபட்ட ஊர்களுக்கு இன்னொரு வாய்ப்பாம். முனியன் இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. கிழிந்த வேட்டியோடு நின்றபடி மகள் செத்ததைச் சொன்னார்.

"பிரசவத்துல செத்தது ஒண்ணுதானா?" என்றார் சிவசங்கர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "ரெண்டாச்சும் இருந்தாதான் பெரியவரே மார்க் வரும்."

"புள்ளையும் செத்துச்சுங்க" என்றார் முனியன் அவசரமாக. சந்தையில் விலை படியாதவன்போல ஒரு அடி முன்னால் வந்தார். "ஆம்பளப் புள்ளைங்க."

"அது பொறக்கவே இல்லியே. சேர்க்க முடியாது."

 அப்படியானால் மகளுக்கு முதலில் செத்துப் பிறந்ததைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார் முனியன்.