மீதி அவளுக்கு

கூடத்தைத் துடைத்துக்கொண்டே வந்த அண்ணன் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். மாப்பைச் சுவரில் சாய்த்தார், வாளித் தண்ணீரைக் கொட்டினார், கையை அலம்பினார். சமையலறைத் தரை அப்படியே கிடந்தது. போனால் இன்னும் இரண்டு நிமிட வேலை. "மீதி அவளுக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

நான் இந்த வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கிறேன்; வீட்டுக்காரர்களை அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வேலையும் அறைக்குள்ளேயே, கணினி முன்னால். அதனால் வீட்டில் நடப்பதெல்லாம் வேண்டாமென்றாலும் கண்ணில் படும், எனக்கோ வேண்டும். அண்ணன் குளிர்கிடங்கு ஒன்றில் இரவு முழுக்கச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். அண்ணிக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. விடிகாலையில் அவர் படியேறும்போது அண்ணி இறங்குவார். படிக்கட்டு குறுகல், ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போக முடியும். "சாப்பிட்டியா?" "ஆச்சு. தூங்குங்க." ஊர்விட்டு ஊர் வந்து நடத்தும் குடும்பத்தின் அன்றாடப் பேச்சு அவ்வளவுதான். மாலையில் அண்ணி வரும்போது அவர் கிளம்பியிருப்பார்.

முதலில் அவரைச் சோம்பேறி என்றுதான் நினைத்தேன். பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தால் பாதிதான் நறுக்குவார். பூண்டு பாதி உரித்திருக்கும். துவைத்த துணியில் சட்டையெல்லாம் மடித்து அடுக்கியிருக்கும், காலுறைகள் மட்டும் ஜோடி சேராமல் கூடையில் குவிந்து கிடக்கும். ஆனால் சோம்பேறி எவனும் அடுப்புத் திருகுகளைத் தினமும் கழற்றிக் கழுவ மாட்டான். கைப்பிடித் துணியை மோந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். துவைக்கும் இயந்திரம் முடிந்து 'கீ கீ' என்று கத்துவது அவருக்கு ஆகாது. அது கத்துவதற்கு முன்பே போய், பேருந்துக்கு நிற்கிறவர் மாதிரி அதன் எதிரில் நிற்பார். கிடங்கில் போடும் கம்பளிக் குல்லாயை வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை கழற்ற மாட்டார். கேட்டால், "காதுக்குள்ள இன்னும் குளிருது தம்பி" என்பார்.

அண்ணியும் லேசுப்பட்டவர் இல்லை. அரிசியைக் களைந்து மின்குக்கரில் போட்டு, தண்ணீரும் அளந்து ஊற்றிவிட்டு, பொத்தானை அழுத்தாமல் போவார். பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு ஒரே ஒரு டம்ளரைத் தொட்டியில் போட்டு வைப்பார். இரண்டு பேருக்கும் ஒரே வியாதியா என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் அண்ணனிடம் கேட்டே விட்டேன்.

குல்லாயைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். "அவ வர்றதுக்கு முன்னாடி நான் இங்க அஞ்சு வருஷம் தனியா இருந்தேன். எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போவேன். திரும்பி வந்து கதவைத் திறந்தா, வச்சது வச்ச இடத்துல இருக்கும். யாருமே இல்லாத வீடு. பாதியில இருந்தா அப்படி இல்ல பாருங்க. இப்பதான் ஒரு ஆளு எழுந்து உள்ள போன மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு மீதிப் பீன்ஸை ஒரு தட்டால் மூடினார். நான் அதற்குப் பிறகு அந்தத் தட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கொஞ்சம் ஓசைப்படாமல் நடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருக்கும் விடுமுறை. அன்றைக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைப்பார்கள். காய்ந்த விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, நடந்து வந்து ஒட்டி, பின்னால் போய், மறுபடி வந்து ஒட்டி மடிப்பார்கள். ஒவ்வொரு முறை கிட்டே வரும்போதும் அண்ணி ஏதோ சொல்வார், இவர் சிரிப்பார். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு அங்கேதான் நடக்கும் போல. என் காதை எவ்வளவு தீட்டியும் ஒன்றும் விழுந்ததில்லை.

போன மாதம் அண்ணிக்கு மேற்பார்வையாளர் பதவி வந்தது. ரொம்ப நாளாக ஆசைப்பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவேண்டும், விடுமுறை புதன்கிழமைக்கு மாறும் என்றார்களாம். அண்ணனிடம் கேட்டதற்கு அவர் "உன் இஷ்டம்" என்றார். நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கல்யாணம் ஆகாத எனக்கே தெரியும். அண்ணிக்குத் தெரியாதா? தெரிந்தும் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணனை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

மறுநாளிலிருந்து வீடு பளபளத்தது. சமையலறைத் தரை மூலைமுடுக்கு விடாமல் துடைத்திருந்தது. பீன்ஸ் முழுக்க நறுக்கி, தாளித்தும் ஆகியிருந்தது. காலுறைகள் ஜோடி ஜோடியாக உருண்டிருந்தன. மாலையில் வந்த அண்ணி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். ஒரு கரண்டிகூட இல்லை. "எல்லாத்தையும் முடிச்சு வச்சிருக்கார் பாருங்க தம்பி" என்றார். அன்றிரவு அண்ணியும் வீம்புக்கு வேலை செய்து, மறுநாளைக்கான சோற்றைக்கூடப் பொங்கி மூடிவிட்டுத்தான் படுத்தார். அப்படியே இரண்டு வாரம் ஓடியது. இவ்வளவு சுத்தமான வீட்டில் நான் இருந்ததே இல்லை. இருக்கப் பிடிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தனியாக விரிப்பை மடித்தார். இரண்டு முனைகளை மோவாயில் இடுக்கிக்கொண்டு மற்ற இரண்டையும் கையால் எட்டிப் பிடித்தார். விரிப்பு வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்து உதறி மறுபடி இடுக்கினார். பார்க்கச் சகிக்காமல், நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அது அவ முனை."

அதற்கடுத்த நாள்களில் அவர் வேலைக்குக் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிப் போனார். கிடங்கு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நேற்று, செவ்வாய்க்கிழமை, காலையில் வந்ததும் குல்லாயோடு என் அறை வாசலில் நின்றார். "ஞாயித்துக்கிழமை வேலைக்கு வந்துடறேன், புதன்கிழமை லீவு குடுங்கன்னு கேட்டேன். ஒரு வாரமா இழுத்தாங்க. இன்னைக்கு ராத்திரி போயிட்டு வந்தா நாளைக்கு லீவு. அவகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லாவிட்டால் அண்ணிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். காதில் விழாதவர் மாதிரிப் போய்விட்டார்.

மத்தியானம் தூங்கி எழுந்து விரிப்பைத் துவைத்தார். இயந்திரத்தின் எதிரில் காத்து நின்று, கத்துவதற்கு முன்பே நிறுத்தினார். ஹீட்டர் மேலே காயப்போட்டு, கிளம்பும் நேரத்தில் எடுத்து வந்தார். முன்போலவே இரண்டு முனைகளை மோவாயில் இடுக்கினார். ஒரு மடிப்பு ஆயிற்று என்று நான் நினைத்தேன். அப்படியே கொஞ்ச நேரம் நின்றவர் மோவாயை உயர்த்தி விரிப்பை விட்டுவிட்டார். அதை அண்ணி உட்காரும் நாற்காலிமேல் விரித்துப் போட்டு, இரண்டு முனைகளை மட்டும் கதவுப் பக்கமாக இழுத்துத் தொங்கவிட்டு, படியிறங்கிப் போனார்.