மடுவில் குளித்த கட்டுரை

கல்விக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தோடு எங்கள் பள்ளிக்கூட அதிபர் கதிரையில் சாய்ந்திருந்தார். "உங்களைத் தூக்கிப்போட்டாங்கள் ரீச்சர்," என்றார்.

ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு, விடத்தல்தீவுப் பக்கத்தில் வாசிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் மடு மாதா கோயில் திருவிழா பற்றி எழுதிய கட்டுரைகளைக் கல்விக் கந்தோர் கேட்டது. அவற்றில் இருந்த பிழைகளைப் பார்த்த அதிபருக்கு வெட்கமாகிவிட்டது. என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், போனில் இருந்த செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் திருத்தி அனுப்பிவிட்டார். கந்தோரிலும் அப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும். பதில் தேனாக வழிந்தது. மாணவரின் மொழிவளம் வியக்கத்தக்கதாம். ஆகவே வாசிப்பு வகுப்பு இனித் தேவையில்லையாம். எனக்கு இடமாற்றமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வகுப்பில் ஜெனிற்றா அப்போதுதான் விரல் வைத்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள். வகுப்பை நிறுத்தினால் அவள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள்.

"பயப்பிடாதேங்கோ. பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நிரூபிச்சு விடுறன்," என்ற அதிபர், பிழைவிட்டு எழுதித் தரும்படி மறுபடியும் போனைக் கேட்டார். தந்தது. வரிக்கு ஒரு பிழை, காலைக் கூட்டத்துப் பிள்ளைகள்போல வரிசையாக நின்றது.

"சேர், எங்கட பிள்ளையள் இவ்வளவு ஒழுங்காப் பிழை விடாதுகள்," என்றேன். ஜெனிற்றாவையும் தாயையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனேன்.

கந்தோருக்குத் தலைவரான பணிப்பாளர் அவள் பெயரில் வந்த கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். "இதை எழுதின கெட்டிக்காரி நீங்களோ? வாசியுங்கோ பாப்பம்."

அவள் விரலை வைத்தாள். "நா...ங்...கள்... ஆ...ழ...மா...ன... ம...டு...வில்... இற...ங்கி... நீ...ரா...டி..."

பணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீராடி எண்டா என்ன ரீச்சர்?"

"குளிக்கிறது."

"மடுவில மாதா கோயில்தானே இருக்கு? அதுக்குள்ள எப்பிடி இறங்கிக் குளிக்கிறது?"

மடு என்றால் ஆழமான நீர்நிலை என்று அகராதியில் இருக்கிறது. போனுக்கு அகராதி தெரியும், மாதாவைத் தெரியாது.

வருடம் தவறாமல் மடுத் திருவிழாவுக்குப் போகிற பணிப்பாளர் தாளைப் பறித்தார். "இதை ஆர் பாராட்டினது?"

"நீங்கள்தான் சேர்," என்றார் கந்தோர் எழுதுவினைஞர் மெதுவாக. "கையெழுத்து உங்கட."

வகுப்பு தப்பியது, என் இடமாற்றமும் நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. ஜெனிற்றா வழியில் கண்ட கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தாள்.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கந்தோருக்கு எதை அனுப்பினாலும், முதலில் எழுத்துக்கூட்டுகிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்தையும் தாண்டிப் போக அதற்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் தாண்டிப் போவதில் தேறிவிட்டோம்.