மூன்று நட்சத்திரங்களில் பிறந்த மகள்

பண்டாரவளையிலிருந்து புறப்பட்ட அந்தப் பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டும் இரண்டு பேருக்கானது. என் பக்கத்தில் என் பை உட்கார்ந்திருந்தது. நல்ல துணை. ஜன்னல் பக்கம் வேண்டும் என்று கேட்கவில்லை, வளைவுகளில் வாந்தி எடுக்கவில்லை, நான் சொன்ன பகிடிகளை ஏற்கெனவே கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

மனைவியின் ஆண்டுத் திதி முடிந்து நான்கு மாதமாகியிருந்தது. அதுவரை கோயில் பக்கம் போகவில்லை. பதுளை, பொலன்னறுவை, திருகோணமலை, மட்டக்களப்பு, கடைசியில் கதிர்காமம் என்று நான்கு நாள் யாத்திரை. பழைய ராஜதானியும் உண்டு, பாடல் பெற்ற தலமும் உண்டு, விளக்கம் சொல்ல ஆளும் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நான் சேர்ந்தது அதற்காக இல்லை. மகளுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி அவள் தாய் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். தாய் வீட்டில் தாய் இல்லை. ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கும் ஒரு தகப்பன் மட்டும் இருந்தான். ஆகவே அட்டனில் மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ப்பா. நீங்க வாசல்ல அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து எல்லாரையும் பயமுறுத்துவீங்க. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. கோயிலுக்குப் போய் என் பேர்ல ஒரு அர்ச்சனை வைங்க, அது போதும்" என்றாள்.

ஒரு வேலை. ஒரே ஒரு வேலை. அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் நாள் காலை பதுளை முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். ஐயர் என் முன்னால் வந்து நின்று, "பேர்?" என்றார். சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார்.

என் தலைக்குள் கரண்ட் போய்விட்டது.

இருபத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அர்ச்சனைத் தட்டைப் பிடிப்பது என் பொறுப்பு, பேரும் நட்சத்திரமும் சொல்வது அவள் பொறுப்பு. அவள் கடகடவென்று ஒப்பிப்பாள். நான் பக்கத்தில் கண்ணை மூடி, வெளியே விட்ட செருப்பு இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மகள் பிறந்த தேதி தெரியும். அன்று ராத்திரி நல்ல மழை என்பதும் தெரியும். நட்சத்திரம் என்று ஒன்று அவளுக்கு இருந்தது என்பது மட்டும்தான் தெரியும். ஜாதகக் கொப்பி கல்யாணத்தோடு அட்டனுக்குப் போய்விட்டது.

பின்னால் இருபது பேர். ஐயரின் புருவம் மெல்ல ஏறியது. எனக்கு முன்னால் நின்றவர் என்ன சொன்னாரோ அதையே சொன்னேன்: ரோகிணி. ஐயர் மந்திரம் சொன்னார், மணி அடித்தார், பூவைக் கையில் தந்தார். வேர்வையில் அந்தப் பூ என் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

மஹியங்கனைக்கு இறங்கும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. முருகன் எங்கேயோ ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த, அதே பேருள்ள ஒரு பெண்ணைத் தேடிப் போய் அருள் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவளுக்குப் பிரசவமே இல்லை. சும்மா துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே என் மகள் நடுத்தெருவில்.

போனில் நட்சத்திரம் பார்க்கும் வசதி இருக்கிறதே என்று இறக்கிப் பார்த்தேன். தேதி கேட்டது, கொடுத்தேன். பிறந்த நேரம் கேட்டது. அங்கே மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் தியத்தலாவையில் கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் மகள் பிறந்தது தெரியும். காலையா, மத்தியானமா என்று நான் கேட்கவில்லை. மனைவியும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து ஒரு தடவை, "மேட்சு யாரு ஜெயிச்சா?" என்று மட்டும் கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்தேன். நேரம் கொடுக்காமல் அந்தப் போன் நட்சத்திரம் சொல்லாது; இல்லாத நேரத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

மகளிடமே கேட்டிருக்கலாம். யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் முப்பது வயதை நெருங்கும் பெண்ணிடம், அதுவும் நிறைமாதத்தில், 'உன் நட்சத்திரம் என்னம்மா' என்று ஒரு தகப்பன் எப்படிக் கேட்பது?

எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஊவாவின் பள்ளிக்கூடங்களிலேயே படிப்பித்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் மாஸ்டர். கையில் குடை, வாயில் சோழர். பொலன்னறுவையில் கருங்கல் சிவன் கோயிலுக்கு முன் நிறுத்தி, கல்லை எப்படிச் சாந்தில்லாமல் அடுக்கினார்கள் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். பூசை இல்லாத கோயில். நட்சத்திரம் கேட்க ஐயர் இல்லை. அந்த யாத்திரையில் நான் நிம்மதியாகக் கும்பிட்டது அங்கே மட்டும்தான்.

மறுநாள் திருகோணமலையில், கடலுக்கு மேலே அந்தப் பாறையில் நிற்கும்போது, நேற்றுச் சொன்னதையே சொன்னால் பிழை உறுதியாகிவிடும், மாற்றிச் சொன்னால் ஒன்றாவது சரியாக இருக்கலாம் என்று தோன்றியது. பயந்தவன் மூளை அப்படித்தான் கணக்குப் போடும். ரேவதி என்றேன். திரும்பினால் பின்னால் மாஸ்டர்.

"தம்பி, நேற்று ரோகிணி. இண்டைக்கு ரேவதியோ? உங்களுக்கு எத்தினை பொம்பிளைப் பிள்ளையள்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரெண்டு மாஸ்டர்" என்றேன்.

பஸ்ஸில் அது பரவ ஐந்து நிமிடம் எடுத்தது. முன் சீட்டில் பூனாகலையிலிருந்து வந்த ஓர் அக்கா, தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், புருஷனோடு வந்திருந்தார். என் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இளையவளுக்கு என்ன வயது, என்ன படிப்பு, பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்று விசாரித்தார். நான் சளைக்கவில்லை. இருபத்துநாலு என்றேன். டீச்சர் என்றேன். கொஞ்சம் வாய் என்றேன். தகப்பனைக் கேலி செய்யாமல் ஒரு நாளும் சோறு போடமாட்டாள் என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே, அப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் பொழுது போவதே தெரியாது என்றார். தனக்குத் தெரிந்த பையன் ஒருவன் பசறையில் இருப்பதாகவும் சொன்னார்.

அவர் எழுந்து போனபின் அந்த இளையவள் போகவில்லை. மட்டக்களப்புவரை பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்குப் போனதும் கதவைத் திறப்பாள், 'எங்கப்பா சுத்திட்டு வாறீங்க' என்பாள் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டு போனேன். பையை மறுபடி சீட்டில் வைக்கக் கொஞ்ச நேரம் கை வரவில்லை.

மட்டக்களப்பில் சுவாதி என்றேன். மாஸ்டர் மூன்று விரலைக் காட்டினார்.

கடைசி நாள் காலை புத்தளையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். மகளிடமிருந்து அழைப்பு. விடியற்காலையில் இருந்தே வலி, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம் என்றாள். இரண்டு வாரம் இருக்கிறது என்றாளே. நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், பிறகு காரணமில்லாமல் கடைக்காரருக்கு நன்றி சொன்னேன்.

"அர்ச்சனை வச்சீங்களாப்பா?"

மூன்று வைத்தேன் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. ஆனால் அவள் நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது போனில் கேட்டது.

"வச்சேன்ம்மா. நட்சத்திரம்தான் எனக்குத் தெரியல."

இழுத்துப் பிடித்த மூச்சை விட்டாள். வலியா, கோபமா தெரியவில்லை.

"அனுஷம்" என்றாள். பிறகு, "அம்மாவோடதும் அனுஷம்தான்ப்பா. அதுவுமா தெரியாது?"

நர்ஸ் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

அனுஷம் என் ஊகங்களில் எங்குமே இல்லை. மனைவி இறந்த திதி எனக்குத் தெரியும். மாதம், பட்சம் எல்லாம் மனப்பாடம். நாள் காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பிறந்த நட்சத்திரத்தை அவள் இருந்தவரை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கோயிலிலும் என் காதுக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்லியிருக்கிறாள்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் மூன்று முழுக்குப் போட்டேன். தெய்வானை அம்மன் கோயிலில் அர்ச்சனை வைக்கலாம் என்று மாஸ்டர் கூட்டிப் போனார். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாசலில் வரிசையில் நின்று, அனுஷம் அனுஷம் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். அப்போது மருமகன் அழைத்தான். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம், மகள் தூங்குகிறாள்.

சந்தோஷத்தில் மனிதன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். பின்னால் நின்ற மாஸ்டரிடம் உடனே சொல்லிவிட்டேன்.

அவர் என் தோளைத் தட்டினார். பிறகு முகம் மாறியது. "தம்பி, துடக்கெல்லோ. நீங்கள் இனி உள்ளுக்குப் போகேலாது."

பிறப்புத் தீட்டு. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. பூனாகலை அக்கா சண்டைக்கு வந்தார். கட்டிக் கொடுத்த பெண் வேறு வீட்டுப் பெண், அவள் பிள்ளை பெற்றால் இவருக்கு ஏது தீட்டு, பேசாமல் போங்கண்ணே என்றார். மாஸ்டர் தாய்வழிப் பாட்டனுக்கும் உண்டு என்றார். இன்னொருவர் மூன்று நாள் என்றார், வேறொருவர் குளித்தால் போதும் என்றார். வரிசை நகர்ந்து எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தார்கள். போயிருக்கலாம். யார் தடுக்கப்போகிறார்கள்? மூன்று கோயிலில் துணிந்து பொய் சொன்ன ஆள்தானே நான். ஆனால் பிறந்து அரை மணி நேரமான பிள்ளையை வைத்து எனக்கு விளையாட வரவில்லை. வரிசையை விட்டு விலகித் தட்டை மாஸ்டரிடம் நீட்டினேன்.

பேர் சொன்னேன். அனுஷம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல; நாலைந்து பேர் திரும்பினார்கள்.

மாஸ்டர் தட்டை வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது எத்தினையாவது மகள்?"

"ஒரே மகள்தான் மாஸ்டர்."

அவர் தட்டோடு என் இடத்தில் போய் நின்றார். பூனாகலை அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பசறைப் பையனை நினைத்திருப்பார். பிறகு அவரும் புருஷனும் உள்ளே போனார்கள். பஸ்ஸில் வந்த நாற்பது பேரும் போய்விட்டார்கள்.

நான் வெளியே அவர்களுடைய செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மகளை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்று சொன்னார்களே. வேறு யாரிடம் சொல்லலாம் என்று போனில் பேர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மனைவியின் நம்பர் இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை. தள்ளிவிட்டேன்.

உள்ளே மணி அடித்தது. மாஸ்டர் சொல்லும் பேரும் நட்சத்திரமும் கேட்குமா என்று வாசல் பக்கம் காதை வைத்தேன். ஒருவர் பேர் முடிவதற்குள் அடுத்தவர் பேர் தொடங்கியது. எந்த மணி என் மகளுக்கு அடித்தது என்று தெரியவில்லை. ஒவ்வொரு மணிக்கும் கையெடுத்துக் கும்பிட்டேன்.